எந்தத் துப்பாக்கி, எந்தக் குண்டு? முடிவு பண்றது யாரு?



கொஞ்சம் நீளமான பதிவு. ரீல்ஸ் தள்ளுற வேகத்துல தள்ளிட்டுப் போயிடாதீங்க. ஒரு டீ குடிக்கிற நேரம் ஒதுக்கிப் படிங்க. முக்கியமா காவல்துறையில இருக்கிற நம்ம வீட்டுப் பிள்ளைங்க படிக்கணும். இது உங்களுக்கு எதிரான பதிவு இல்ல. உங்களுக்கும் சேர்த்துதான் கேட்கிறோம்.

விழுப்புரத்துல 2025 ஜனவரி 28 அன்னைக்கு, 1987 இடஒதுக்கீட்டுப் போராட்டத்துல உயிர் விட்ட 21 பேருக்கு மணிமண்டபம் திறந்தாங்க. மாலை போட்டாங்க, போட்டோ எடுத்தாங்க, மேடை போட்டுப் பேசினாங்க. செய்ய வேண்டிய மரியாதைதான், தாமதமா செஞ்சாங்க, குறை சொல்லல. ஆனா அந்த மேடையில யாருமே கேட்காத ஒரு கேள்வி இருக்கு. அந்த உயிர்களைக் குடிச்ச குண்டு என்ன குண்டு? அந்தத் துப்பாக்கியை சாலை மறியலுக்கு வந்த ஜனங்க முன்னாடி நிறுத்தலாம்னு முடிவு பண்ணது யாரு? இத்தனை வருஷம் கழிச்சு இன்னைக்கு அதே மாதிரி ஒரு மறியல் நடந்தா, நம்ம முன்னாடி நிக்கப் போற துப்பாக்கி என்ன?

தெரியாதவங்களுக்காக ஒரு வரி. 1987 செப்டம்பர் 17-லேர்ந்து 23 வரைக்கும் ஒரு வாரம். அப்போ விழுப்புரம் மாவட்டமே கிடையாது, எல்லாம் தென்னாற்காடு. சாலையில மரத்தை வெட்டிப் போட்டாங்க, வடமாவட்டம் முழுக்க பஸ் ஓடல. கேட்டது கல்வியிலயும் வேலையிலயும் பங்கு. கிடைச்சது தடியடி, துப்பாக்கிச் சூடு, ஜெயில்.

எங்க தாத்தா அந்த மறியல்ல உக்காந்தவர். மயிலம் பக்கம் எங்க ஊர். அவரோட வெத்தலைப் பெட்டியில கொட்டைப்பாக்குக்கு நடுவுல ஒரு பித்தளைக் குப்பி கிடக்கும். சின்ன வயசுல நான் அதை வாயில வச்சு விசில் அடிப்பேன், பாட்டி பிடுங்கி வைப்பாங்க. அது தோட்டா சுட்டப்புறம் வெளியே விழுற காலிக் குப்பி. அந்த வாரம் முடிஞ்சு ரோட்டோரம் கரும்புக் கொல்லை வரப்புல தாத்தா எடுத்தது. யார் சுட்டது, யாரைப் பார்த்து சுட்டதுன்னு அவருக்குத் தெரியாது. "வெடின்னுதான்டா நெனச்சோம், முன்னாடி இருந்தவன் சாஞ்சப்புறம்தான் ஓடினோம்" அப்படின்னு மட்டும் சொல்லுவார்.

நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங். படிச்சதுக்கு வேலை இல்லாம ஐ.டி. விங்குல போஸ்டர் போடுறவன்னு எதிர்க்கட்சி நண்பர்கள் கமெண்ட்ல கிண்டல் பண்ணுவாங்க, பரவாயில்ல. காலேஜ் இரண்டாம் வருஷம் வெர்னியர் காலிபர் கையில வந்தப்போ முதல்ல அளந்தது அந்தக் குப்பியைத்தான். நீளம் 56 மில்லிமீட்டர் சொச்சம். அடி விளிம்பு 13.7. கழுத்து குறுகி இருக்கு. மூணும் சேர்ந்தா ஒரே பதில்தான்: 303 ரைஃபிள். கழுத்து குறுகாம நேரா இருந்திருந்தா 410 மஸ்கட்னு சொல்லியிருக்கலாம். அந்த ஒரு கழுத்துல இருக்கு மொத்த அரசியலும். எப்படின்னு சொல்றேன்.

303 அப்படிங்கிறது வெள்ளைக்காரன் முதல் உலகப் போருக்கு எடுத்துட்டுப் போன லீ என்ஃபீல்டு. போர்க்களத்துல பல நூறு மீட்டர் தள்ளி இருக்கிற எதிரியைக் கொல்லச் செஞ்சது. 1857 கிளர்ச்சிக்கு அப்புறம் வெள்ளைக்காரனுக்கு இந்தியன் கையில நல்ல துப்பாக்கி இருந்தாலே பயம். 1861-ல போலீஸ் சட்டம் கொண்டுவந்தவன், பின்னாடி போலீசுக்குன்னு தனியா ஒரு துப்பாக்கியும் செஞ்சான். அதே 303-ஓட குழாயைக் குடைஞ்சு பெருசாக்கி, உள்ளே இருக்கிற வரிகளை எடுத்துட்டு, ஒரு நேரத்துல ஒரு தோட்டாதான் போடணும்னு மாத்தினான். அதுதான் 410 மஸ்கட். ராணுவத் தோட்டா அதுல போட்டா வேலை செய்யாது. போலீஸ்காரன் கிளர்ச்சி பண்ணா சமாளிக்கணுமே, அதுக்காக. கேவலமான எண்ணம்தான். ஆனா கவனிங்க: போலீஸ் கையில எந்தத் துப்பாக்கி இருக்கணும்னு அவன் யோசிச்சு முடிவு பண்ணான். தன் பாதுகாப்புக்காக யோசிச்சான். சுதந்திரம் வந்து நம்ம ஆட்கள் ஆண்டாங்களே, ஜனங்களோட பாதுகாப்புக்காக ஒரு தடவையாவது உக்காந்து யோசிச்சாங்களா?

யோசிக்கல. ராணுவம் எதைத் தூக்கிப் போட்டுச்சோ அதை எடுத்து போலீசுக்குக் கொடுத்தாங்க. அவ்வளவுதான் நடந்தது. 1962 சீனப் போருக்கு அப்புறம் ராணுவத்துக்கு எஸ்.எல்.ஆர். வந்துச்சு, 303 போலீசுக்கு நின்னுடுச்சு. 90-களின் கடைசியில ராணுவத்துக்கு இன்சாஸ் வந்துச்சு, எஸ்.எல்.ஆர். போலீசுக்கு வந்துச்சு. அண்ணன் போட்ட சட்டையைத் தம்பி போடுற மாதிரி. சட்டைன்னா பரவாயில்ல, இது 7.62 எம்.எம். ரைஃபிள். உத்தரப் பிரதேசத்துல 303-க்கு வழியனுப்பு விழா நடத்தினதே 2020 குடியரசு தினத்துலதான், அப்படின்னா பாத்துக்குங்க.

இப்போ கணக்குக்கு வருவோம். பிளஸ் டூ பிசிக்ஸ்தான், பயப்படாதீங்க. எடையில பாதியை வேகத்தோட வர்க்கத்தால பெருக்கினா இயக்க ஆற்றல். பழைய போலீஸ் 38 ரிவால்வர் குண்டு கிட்டத்தட்ட 11.5 கிராம், வேகம் நொடிக்கு 190 மீட்டர் பக்கம். ஆற்றல் சுமார் 200 ஜூல். 9 எம்.எம். பிஸ்டல் குண்டு 7.5 கிராம், 370 மீட்டர் பக்கம், சுமார் 500 ஜூல். எஸ்.எல்.ஆர். குண்டு 9.3 கிராம், நொடிக்கு 840 மீட்டர். போட்டுப் பாருங்க: 3,200-க்கும் மேல! ரிவால்வரைவிட 15 மடங்கு. தாத்தாவோட 303-ம் கிட்டத்தட்ட இதே அளவுதான், 3,100 வரும்.

இந்த நம்பருக்கு அர்த்தம் என்னன்னா, எஸ்.எல்.ஆர். குண்டு ஒரு ஆள் மேல பட்டா அங்கேயே நிக்காது. ராணுவத் தோட்டா முழுக்க உலோக உறை போட்டது, உடம்புக்குள்ள விரியாது, துளைச்சுட்டு வெளிய போயிடும். பின்னாடி நிக்கிறவன் மேலயும் படும். யார் மேலயும் படலன்னா மூணு கிலோமீட்டருக்கு மேல பறந்து எங்கேயோ போய் விழும். திண்டிவனம் மேம்பாலத்துல நின்னு தப்பா ஒரு ரவுண்டு போனா, ஊர் எல்லை தாண்டி வேலை செய்யுற ஒரு அம்மா மேல விழலாம். கூட்டத்தைக் கலைக்கிற கருவியா இது?

"மிகைப்படுத்தாதீங்க தம்பி"ன்னு ஒரு அண்ணன் கமெண்ட் போடுவார். அவருக்காக ரெண்டு சம்பவம்.

ஒண்ணு, புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை. 2021 டிசம்பர் 30. பசுமலைப்பட்டி துப்பாக்கி சுடும் தளத்துல பயிற்சி நடந்துச்சு. தளத்துக்கு வெளியே, தாத்தா வீட்டுல இருந்த 11 வயசுப் பையன் தலையில குண்டு பாய்ஞ்சது. 2022 ஜனவரி 3 அன்னைக்கு அந்தப் பிள்ளை இறந்துட்டான். கலவரம் இல்ல, கல்வீச்சு இல்ல, வெறும் பயிற்சி.

ரெண்டாவது, தூத்துக்குடி. 2018 மே 22. ஸ்டெர்லைட்டை மூடுன்னு கலெக்டர் ஆபீசுக்கு நடந்து போன ஜனங்க. 13 பேர் துப்பாக்கிச் சூட்டில் செத்தாங்க. மஞ்சள் டீசர்ட் போட்ட ஒருத்தர் வேன் மேல ஏறிப் படுத்துக் குறி பார்த்த வீடியோவை நம்ம எல்லாரும் பார்த்தோம், இன்னும் கண்ணுல நிக்குது. பிரேதப் பரிசோதனை அறிக்கைகளைப் பார்த்து ராய்ட்டர்ஸ் அந்த வருஷக் கடைசியில எழுதினது: 12 பேருக்குத் தலையிலயும் நெஞ்சுலயும் குண்டு, அதுல பாதிப் பேருக்கு பின்பக்கத்துலேர்ந்து. ஓடுறவன் முதுகுல! நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் 2022-ல அறிக்கை கொடுத்துச்சு. தேவையில்லாம நடந்த துப்பாக்கிச் சூடுன்னு சொல்லுச்சு. ஒரே போலீஸ்காரர் 17 ரவுண்டு சுட்டிருக்கார்னு சொல்லுச்சு. 17 அதிகாரிகள், காவலர்கள் மேல நடவடிக்கை எடுக்கச் சொல்லுச்சு. கீழ்மட்டத்துல சிலரை சஸ்பெண்ட் பண்ணாங்க. அந்த ரைஃபிளைக் கையில கொடுத்து அனுப்பினது சரியா, மேல உக்காந்து திட்டம் போட்டவன் யாருன்னு பேச்சு வந்தா மட்டும் எல்லாரும் ஊமை.

1987-ல ஆண்டது ஒரு கழகம். 2018-ல ஆண்டதும் அதே கழகம். அறிக்கையை வாங்கி வச்சுக்கிட்டது இன்னொரு கழகம். ரெண்டு பேரும் மாத்தி மாத்தி மாலை போடுறாங்க. துப்பாக்கி மட்டும் மாறல. மாறினதும் இன்னும் வேகமா சுடுற துப்பாக்கியா மாறிச்சு. 303-ல ஒவ்வொரு தடவையும் போல்ட்டை இழுக்கணும். எஸ்.எல்.ஆர்.ல விசையை அழுத்த அழுத்த வரும், 20 ரவுண்டு மேகசின்.

சட்டம் என்ன சொல்லுது? கூட்டம் சட்டவிரோதம்னு அறிவிச்சு, எச்சரிக்கை கொடுத்து, கண்ணீர்ப்புகை, தடியடின்னு படிப்படியா போகணும். வேற வழியே இல்லன்னாதான் துப்பாக்கி, அதுவும் கீழே குறி வைக்கணும். தலைக்கு மேல சுடக்கூடாது, ஏன்னா தூரத்துல இருக்கிற சம்பந்தமில்லாதவன் மேல படும்னு. ராணுவத்தையே கூப்பிட்டாலும் குறைஞ்ச பலம், குறைஞ்ச காயம்னு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துலயும் இருந்துச்சு, இப்போ வந்திருக்கிற புதுச் சட்டத்துலயும் இருக்கு. 3,200 ஜூல் துப்பாக்கியைக் கையில கொடுத்துட்டு "குறைஞ்ச காயம்"னா என்னங்க அர்த்தம்? முழங்காலுக்குக் கீழே பட்டாலும் காலே போயிடும். விதியை எழுதினவனும் துப்பாக்கியை வாங்கினவனும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததே இல்ல போல.

1990-ல ஹவானாவுல ஐ.நா. ஒரு கோட்பாடு போட்டுச்சு, காவல்துறை பலப்பிரயோகம் பத்தி. போலீசுக்கு ஒரே ஒரு ஆயுதம் கொடுக்காதே, சூழ்நிலைக்கு ஏத்த மாதிரி பல வகை கொடு, தற்காப்புக் கவசம் கொடு, தேவையில்லாத காயம் உண்டாக்குற துப்பாக்கியையும் தோட்டாவையும் தடை பண்ணு. துப்பாக்கி மட்டும் இல்ல, தோட்டாவையும் சேர்த்துச் சொல்லியிருக்கு. கவசம் இல்லாத காவலருக்குக் கல் பறக்கும்போது பயம் வரும், பயம் வந்தா விரல் விசைக்குப் போகும். ஒரு நல்ல ஹெல்மெட்டும் ஷீல்டும் ரெண்டு பக்கமும் உயிரைக் காப்பாத்தும். அதுக்குத் திறப்பு விழா நடத்த முடியாது, அதனால வாங்க ஆசை வராது.

மாற்று ஆயுதம்னு எதையாவது கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்கன்னும் நாங்க சொல்லல. 2016-ல காஷ்மீர்ல பெல்லட் கன்னைக் கூட்டத்து மேல சுட்டு நூற்றுக்கணக்கான பேருக்குக் கண் போச்சு. அதையும் "உயிர்ச்சேதம் இல்லாத ஆயுதம்"னுதான் பேர் வச்சிருந்தாங்க. பேர்ல ஒண்ணும் இல்ல. சோதிச்சுப் பார்த்தீங்களா, எங்க, யார் முன்னாடி, முடிவு என்ன? அதைக் கேட்கிறோம்.

சரி, கைத்துப்பாக்கிக்கு வருவோம். தினமும் நம்ம கூட புழங்குற எஸ்.ஐ., இன்ஸ்பெக்டர் இடுப்புல இருக்கிறது அதுதானே.

நம்ம ஊர் போலீஸ் இடுப்புல ரொம்ப காலம் இருந்தது 38 ரிவால்வர். அப்புறம் 9 எம்.எம். ஆட்டோ பிஸ்டல், இஷாப்பூர் தொழிற்சாலை செய்யுறது, 1935-ல பெல்ஜியத்துல வந்த பிரௌனிங் டிசைன், 13 ரவுண்டு. இப்போ ஆஸ்திரியாவோட கிளாக். மூணும் மூணு விதமான மிருகம். ரிவால்வர்ல விசை கனமா, நீளமா இருக்கும். தெரிஞ்சு அழுத்தினாதான் வெடிக்கும். பிரௌனிங்ல சுத்தியல் தூக்கியிருக்கணும், தனியா சேஃப்டி லாக் உண்டு. கிளாக்ல கையால போடுற லாக்கே கிடையாது, சேஃப்டி விசையிலயே இருக்கு. விரல் விசையில இருந்தா சுடும், இல்லன்னா சுடாது, அவ்வளவுதான். விசைக்குக் கிட்டத்தட்ட ரெண்டரை கிலோ அழுத்தம் போதும். அருமையான டிசைன், இன்ஜினியரா சொல்றேன், குறை சொல்ல முடியாது. ஆனா அது பயிற்சி எடுத்த விரலுக்காகச் செஞ்சது. நியூயார்க் போலீஸ் கிளாக்கை வாங்கினப்போ, தவறுதலா வெடிக்கக்கூடாதுன்னு விசை அழுத்தத்தை அஞ்சு கிலோவுக்கு மேல வைக்கச் சொல்லி வாங்கினாங்க. அது சரியா தப்பான்னு அங்க பல வருஷம் சண்டை. கனமான விசைன்னா குறி தப்பும்னு ஒரு கட்சி, லேசான விசைன்னா விபத்துன்னு ஒரு கட்சி. பொதுவெளியில சண்டை! இங்க அப்படி ஒரு வாதத்தை சட்டசபையில எப்பவாவது கேட்டிருக்கீங்களா?

1986 ஏப்ரல் 11 மயாமி. ரெண்டு கொள்ளையர்களை எட்டு எஃப்.பி.ஐ. ஆட்கள் மடக்கினாங்க. ரெண்டு ஏஜென்ட் செத்தாங்க, அஞ்சு பேருக்குக் காயம். கொள்ளையன் உடம்புல போன ஒரு 9 எம்.எம். குண்டு இதயத்துக்கு முன்னாடியே நின்னுடுச்சு, அவன் அதுக்கப்புறமும் சுட்டுக்கிட்டே இருந்தான். எஃப்.பி.ஐ. என்ன பண்ணுச்சு? மூடி மறைக்கல. ஜெலட்டின் கட்டி வச்சு சுட்டுப் பார்த்தாங்க. துணி, கார் கண்ணாடி, தகரம், பலகைன்னு ஒவ்வொண்ணா முன்னாடி வச்சு. குண்டு 12 அங்குலத்துக்குக் குறையாம போகணும், 18-ஐத் தாண்டக்கூடாதுன்னு அளவு போட்டாங்க. 12 எதுக்குன்னா குற்றவாளி நிக்கணும். 18 எதுக்குன்னா பின்னாடி நிக்கிற அப்பாவி மேல படக்கூடாது. பெரிய குண்டுக்கு மாறினாங்க, ஏஜென்ட்களுக்கு உதைப்பு தாங்கல, குறி போச்சு, திரும்ப 9 எம்.எம்.-க்கே வந்தாங்க. கிட்டத்தட்ட 30 வருஷ ஆராய்ச்சி. அமெரிக்கப் போலீசை நான் கோயில் கட்டிக் கும்பிடச் சொல்லல, அவங்க கறுப்பின மக்களைச் சுடுற கதை ஊருக்கே தெரியும். ஆனா "எதுக்கு இந்தக் குண்டு?"ன்னு கேட்டா அங்க ஒரு காகிதம் இருக்கு.

விரியுற குண்டு பத்தியும் சொல்லிடணும், இல்லன்னா யாராவது பாதி படிச்சுட்டு வருவாங்க. உடம்புக்குள்ள விரிஞ்சு நிக்கிற குண்டுக்கு உலகம் முழுக்க இருக்கிற பேர் "டம் டம்". கல்கத்தா பக்கத்துல இருக்கிற நம்ம டம் டம் ஊர்ப் பேர்தான். 1890-கள்ல அங்க இருந்த வெள்ளைக்காரன் தொழிற்சாலையில பிறந்தது. 1899 ஹேக் மாநாட்டுல போர்ல பயன்படுத்தக்கூடாதுன்னு தடை போட்டாங்க. அந்தத் தடை போருக்கு. நியூயார்க் போலீஸ் 1998-ல விரியுற குண்டுக்கு மாறினதுக்குச் சொன்ன காரணமே, உறைக் குண்டு குற்றவாளியைத் துளைச்சுட்டுப் போய் வழிப்போக்கன் மேல படுதுன்னு. ஆக, அப்பாவியைக் காப்பாத்த எந்தக் குண்டு நல்லதுங்கிறது லேசான கேள்வி இல்ல. சுடப்பட்டவனுக்கு மோசமான குண்டு, பக்கத்துல நிக்கிறவனுக்கு நல்ல குண்டா இருக்கலாம். என்கிட்ட கேட்டா, பயிற்சி இந்த நிலைமையில இருக்கும்போது எந்தக் குண்டு கொடுத்தாலும் பயமாத்தான் இருக்கு.

ஆமா, பயிற்சி. என்கூட காலேஜ் படிச்சவன் ஒருத்தன், இப்போ போலீஸ்ல இருக்கான். எந்த மாவட்டம்னு போட மாட்டேன், அவன் சோத்துல மண்ணள்ளிப் போட முடியாது. பொங்கலுக்கு ஊருக்கு வந்தப்போ கேட்டேன், "மச்சான், போன வருஷம் மொத்தமா எத்தனை ரவுண்டு சுட்ட?" கையைத் தூக்கி விரலை எண்ணினான். ரெண்டு கை போதுமா இருந்துச்சு. "சுட்ட நேரத்தைவிட எம்டி பொறுக்கின நேரம்தான்டா அதிகம்" அப்படின்னான். சுட்ட ஒவ்வொரு தோட்டாவுக்கும் காலிக் குப்பி திரும்பக் கணக்கு காட்டணும். ஒண்ணு புல்லுல விழுந்து காணாம போனாலும் மொத்த டீமும் குனிஞ்சு தேடணும், கிடைக்கலன்னா மெமோ. அவன் சொல்லச் சொல்ல எனக்குத் தாத்தா வெத்தலைப் பெட்டிதான் ஞாபகம் வந்துச்சு. பயிற்சியில ஒரு காலிக் குப்பி தொலைஞ்சா விளக்கம் கேட்கிற அரசாங்கம், 1987-ல எங்க ஊர் வரப்புல கிடந்த குப்பியைத் தேடி யாரையும் அனுப்பல.

பயிற்சி இல்லாத துப்பாக்கி முதல்ல கொல்றது போலீஸ்காரரைத்தான். 2017 டிசம்பர் 13, ராஜஸ்தான் பாலி மாவட்டம். கொளத்தூர் நகைக்கடைக் கொள்ளையர்களைப் பிடிக்கப் போன மதுரவாயல் இன்ஸ்பெக்டர் பெரியபாண்டியன் குண்டு பட்டு இறந்தார். கொள்ளையன் சுட்டான்னு முதல்ல செய்தி. கடைசியில ராஜஸ்தான் போலீஸ் சொன்னது: சக அதிகாரி கையிலேர்ந்து தவறுதலா வெடிச்ச குண்டு. ரெண்டு பேருமே நம்ம ஆட்கள், ரெண்டு குடும்பத்துக்கும் வாழ்நாள் துக்கம். அந்த அதிகாரியைக் குத்தம் சொல்லி முடிச்சுட்டாங்க. இருட்டுல, இழுபறியில, அந்தத் துப்பாக்கியைக் கையாள அவருக்கு எத்தனை மணி நேரம் சொல்லிக் கொடுத்திருந்தாங்கன்னு யாரும் கேட்கல.

2020 ஜனவரி 8, களியக்காவிளை செக்போஸ்ட்ல சிறப்பு எஸ்.ஐ. வில்சனைச் சுட்டுக் கொன்னாங்க. 2021 நவம்பர்ல திருச்சி நவல்பட்டு சிறப்பு எஸ்.ஐ. பூமிநாதனை ஆடு திருடனுங்க வெட்டிக் கொன்னாங்க, ராத்திரியில தனியா துரத்திக்கிட்டுப் போன மனுஷன். அதுக்கப்புறம் அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திரபாபு, ராத்திரி ரோந்து போறவங்க துப்பாக்கி எடுத்துட்டுப் போங்க, தற்காப்புக்குத் தயங்காம பயன்படுத்துங்கன்னு சொன்னார். நல்லது. எந்தத் துப்பாக்கி? வருஷத்துக்குப் பத்து ரவுண்டு சுட்ட கையில, ராத்திரி ரெண்டு மணிக்கு, பைக் ஹெட்லைட் வெளிச்சத்துல, பக்கத்துத் தெருவுல ஜனங்க தூங்கும்போது? ஒரு சம்பவம், ஒரு அறிவிப்பு, ஒரு பாராட்டு, முடிஞ்சது. மும்பை 26/11-லயும் இதே கதைதான். ஏ.கே. 47-க்கு எதிரா ரயில்வே ஸ்டேஷன்ல பழைய துப்பாக்கியோட நின்னாங்க. துக்காராம் ஓம்ப்ளே லத்தியை மட்டும் வச்சுக்கிட்டு கசாப்போட துப்பாக்கிக் குழாயைப் பிடிச்சு உயிரை விட்டார். அவருக்குச் சிலை வச்சோம்.

பாருங்க, எவ்வளவு தலைகீழா இருக்குன்னு. செக்போஸ்ட்ல தனியா நிக்கிறவருக்கு உருப்படியான கைத்துப்பாக்கியும் பயிற்சியும் வேணும், இல்ல. சோத்துக்கும் தண்ணிக்கும் வேலைக்கும் கேட்டு ரோட்டுல உக்காந்த ஜனங்க முன்னாடி போர்க்கள ரைஃபிள் வேண்டாம், அங்க நிக்குது.

பணம் இல்லன்னு சொல்ல முடியாது. போலீஸ் நவீனமயமாக்கல் திட்டம் 1969-லேர்ந்து ஓடுது. 2022 பிப்ரவரியில ஒன்றிய அரசு அஞ்சு வருஷத்துக்கு 26,275 கோடின்னு அறிவிச்சது, அதுல மாநிலப் போலீஸ்களை நவீனமாக்க மட்டும் 4,846 கோடி. நம்ம திருச்சியிலயே 1966-லேர்ந்து துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கு. தோட்டா வருது, துப்பாக்கி வருது. எந்த அளவுகோல்ல வருதுன்னு மட்டும் வெளிய வராது. கேட்டா "பாதுகாப்பு ரகசியம்". பிரிட்டன்ல போலீஸ் எத்தனை தடவை ஆயுதத்தோட கிளம்பினாங்க, எத்தனை தடவை சுட்டாங்கன்னு உள்துறையே வருஷா வருஷம் புள்ளிவிவரம் போடுது. அந்த நாடு ஒண்ணும் கவிழ்ந்துடல. ரவுடிக்குத் தெரியக்கூடாதுன்னு சொல்றீங்க. போலீஸ் இடுப்புல என்ன துப்பாக்கி இருக்குன்னு ரவுடிக்கு என்னைவிட நல்லாவே தெரியும். தெரியாதது வரி கட்டுறவனுக்கு மட்டும்தான்.

"கல்லெறிஞ்சா போலீஸ் சும்மா நிக்கணுமா?"ன்னு கேட்கிறவங்களுக்கு: வேண்டாம், நிக்க வேண்டாம். கவசத்தோட நிக்கட்டும், தண்ணீர் பீச்சட்டும், கைது பண்ணட்டும். உயிருக்கே ஆபத்துன்னா தற்காப்பு உரிமை எல்லாருக்கும் இருக்கு, போலீசுக்கும் இருக்கு. நூறு மீட்டர் தள்ளி ஓடுற முதுகு யாரோட உயிருக்கு ஆபத்து?

அதனால நம்ம கேட்கிறது இதுதான். மறியல், ஊர்வலம், ஆர்ப்பாட்டப் பந்தோபஸ்துக்கு எஸ்.எல்.ஆர்., 303 மாதிரி ரைஃபிள்களைக் கொண்டுபோறதை அரசாணை போட்டு நிறுத்தணும். போலீசுக்குத் துப்பாக்கியும் தோட்டாவும் தேர்ந்தெடுக்க ஒரு குழு போடணும், அதுல காவல்துறை அதிகாரிகளோட சேர்த்து தடய அறிவியல் ஆள், அரசு மருத்துவக் கல்லூரி அறுவை மருத்துவர், ஒரு ஓய்வு பெற்ற நீதிபதி, ஸ்டேஷன்ல வேலை பார்க்கிற ஒரு கான்ஸ்டபிள் கண்டிப்பா இருக்கணும். அந்தக் குண்டு உடம்புக்குள்ள என்ன பண்ணுதுன்னு ராத்திரி ரெண்டு மணிக்கு முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரியில கத்தியைப் பிடிக்கிற டாக்டரைக் கேட்காம வேற யாரைக் கேட்பீங்க? ஒவ்வொரு காவலருக்கும் வருஷத்துக்கு இத்தனை ரவுண்டு பயிற்சின்னு நிர்ணயிச்சு, கொடுத்தீங்களா இல்லையான்னு மாவட்டவாரியா காவல் மானியக் கோரிக்கையோட கொள்கை விளக்கக் குறிப்புல அச்சடிக்கணும். கட்டிடம் எத்தனை, ஜீப் எத்தனைன்னு போடுறீங்கல்ல, இதையும் ஒரு அட்டவணையா போடுங்க. 2014 செப்டம்பர்ல உச்ச நீதிமன்றம் என்கவுன்டர் வழக்குல, சுட்ட ஆயுதத்தைத் தடயப் பரிசோதனைக்கு ஒப்படைக்கணும்னு சொல்லியிருக்கு. அதையே கூட்டத்து மேல நடக்கிற ஒவ்வொரு துப்பாக்கிச் சூட்டுக்கும் பொருத்தணும், எத்தனை ரவுண்டு எந்தத் துப்பாக்கியிலேர்ந்து போச்சுன்னு 48 மணி நேரத்துல பொதுமக்களுக்குச் சொல்லணும். தூத்துக்குடி ஆணைய அறிக்கை மேல, மேல்மட்டம் வரைக்கும் என்ன நடவடிக்கைன்னு வெள்ளை அறிக்கை வேணும்.

காவல் மானியக் கோரிக்கை வர்ற அன்னைக்கு உங்க தொகுதி எம்.எல்.ஏ. பக்கத்துல போய் ஒரே ஒரு கேள்வி போடுங்க: "நம்ம மாவட்டப் போலீஸ் பந்தோபஸ்துக்கு என்ன துப்பாக்கி எடுத்துட்டு வர்றாங்க?" எந்தக் கட்சி எம்.எல்.ஏ.வா இருந்தாலும் சரி, நம்ம கட்சியா இருந்தாலும் சரி. பதில் வந்தா ஸ்கிரீன்ஷாட் எடுத்து இந்தப் பதிவுக்குக் கீழே போடுங்க. தாத்தா இன்னும் இருக்கார், 81 வயசு, காது கொஞ்சம் மந்தம். வர்ற பதிலை நான் சத்தமா படிச்சுக் காட்டுறேன்.

– தகவல் தொழில்நுட்பப் பிரிவு, திண்டிவனம்